ஹியூமர் என்ற வினைச்சொல்

மட்டக்களப்பு ஆசுபத்திரித் துண்டில்
டொக்டரின் கோழிக்கிறுக்கல், கடைசி வரி:
ப்ளீஸ் ஹியூமர் ஹிம்.

குளிசைப் பெயர் வாசிக்கிறவனுக்கு
எல்லா இங்கிலீசும் வாசிக்கத் தெரியும் என்று
களுவாஞ்சிக்குடியில் ஓர் எண்ணம்.
நானும் அதை மறுத்ததில்லை.

"சிரிக்க வைக்கட்டாம் அக்கா" என்றேன்,
உறையில் 'இரவு அரை' என்று எழுதிக்கொண்டே.
இராசமலர் சிரிக்கவில்லை.
துண்டை நாலாய் மடித்து
சில்லறையோடு வைத்துக்கொண்டு போனா.

மறுகா நடந்தது மகள் சொல்லித்தான் தெரியும்.
மருமகன் போனில் பகிடி வீடியோ போட்டானாம்.
பக்கத்து வளவுப் பொடியன் பெண்குரலில் பேசிக் காட்டினானாம்.
முப்பத்தாறு வருசத்தில் ஒரு பகிடி விடாத இராசமலர்
பழஞ்சாரனைத் தலைப்பாகையாய்க் கட்டிக்கொண்டு
குசினி வாசலில் நின்றாவாம்,
அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல்.

பூபாலபிள்ளை எல்லாரையும் ஒருக்கால் பார்த்து,
"டிக்கட் எடுத்தாச்சா?"
அதுதான் பகிடி என்று எல்லாரும் சிரித்தார்களாம்.
சோற்றுக் கோப்பை சுவரில் உடைந்தது
அதற்குப் பிறகு.

போயா நாள், கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது
அகராதியைப் புரட்டினேன்.
நகைச்சுவைக்கும் கீழே, பொடி எழுத்தில், வினையாய்:
ஒருவர் போக்கிலே போதல்,
அவர் மனங்கோணாமல் இசைந்து கொடுத்தல்.

நெஞ்சு திக்கென்றது.
இதை எப்படி அக்காவுக்குச் சொல்வது?
செல்லங் குடுங்கோ என்றால் பிள்ளைக்கு.
தாளம் போடுங்கோ என்றால் தவிசாளருக்கு.
இடங்குடுங்கோ என்று சொல்லலாம்;
ஆனால் சொன்ன வாய் மூடுமுன்
மடம் பிடுங்குகிறவன் வந்து நிற்பான் பழமொழியோடு.
கொஞ்சம் விட்டுக் குடுக்கிறவனை
எங்கள் பாஷை ஏன் இப்படிச் சந்தேகப்படுகிறது?

கடையைப் பாதி இழுத்துப் பூட்டிவிட்டு
சைக்கிளை எடுத்தேன், பிழையை ஒப்புக்கொள்ள.

ஹோலில் பிளாஸ்டிக் கதிரைகள்
இரண்டிரண்டாய், நடுவில் ஆள் போக வழி.
யன்னலோரம் இராசமலர்,
மடியில் கடைப்பை, பையில் வெங்காயம்.
பின்னுக்கு மகள், பிள்ளையை மடியில் வைத்தபடி,
அரை டிக்கட்டுக்கு ஆள் பெரிசு என்ற சண்டை முடிந்து.
அகராதி இல்லாமலே
இந்த வீடு சொல்லுக்கு வந்து சேர்ந்திருந்தது.

"எவடம்?"
இருபத்தேழு வருசம் இ.போ.ச. வண்டியில் கேட்ட குரல்.
"கல்முனை" என்றேன்.
"படியில நிக்காம உள்ளுக்கு வாங்க."
நூறு ரூபாத் தாளை வாங்கி
கலண்டரில் போன மாதத்துச் செவ்வாயைக் கிழித்து
பின்பக்கம் மிச்சத்தை எழுதித் தந்தார்:
இறங்கேக்க வாங்கலாம்.

ஒந்தாச்சிமடம் போனது.
தேத்தண்ணி எடுத்துவந்த இராசமலர்
கோட்டைக்கல்லாற்றுப் பாலம் என்று அவர் சொன்னதும்
ஒரு கையால் கதிரை முதுகைப் பிடித்தா.
நான் என்னையறியாமல் இடப்பக்கம் சாய்ந்தேன்.
தேத்தண்ணி சிந்தவில்லை.

பெரியகல்லாறு. துறைநீலாவணைச் சந்தி.
கடையில் யாராவது பனடோலுக்கு நிற்பார்கள்.
சொல்ல வந்தது
தொண்டையில் மாத்திரை மாதிரி நின்றது.

மருதமுனையில் அவர் என் கதிரையருகே குனிந்தார்.
கண் தெளிவாய் இருந்தது,
கல்லடி வாவி காற்றில்லாத காலையில் இருக்குமே, அப்படி.
"மருந்துக்கடைத் தம்பியெல்லோ?
கடையப் பூட்டிப்போட்டா வந்த?"

வாய் திறந்தேன்.

அவர் என் தோளில் தட்டி,
வேறு ஒருவருக்கும் கேட்காத குரலில்,
"சரி சரி, இரியுங்க.
கல்முனைக்குத்தானே,
கொண்டுபோய் விடுறன்" என்றார்.